வானில் போய் வந்த வரி

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வந்தது.
மூன்றாம் தண்ணீர். இரண்டு கையும் ஈரம்.
பென்சில் எல்லாம் யதுர்ஷியின் கொம்பாஸ் பெட்டிக்குள்,
பெட்டி புத்தகப்பைக்குள்,
பை வாசலில், சப்பாத்துக்குப் பக்கத்தில்.
கீழே வான் ஒரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டது.

வான் என்றால் இங்கே ஆகாயம் இல்லை.
வெள்ளை நிறம், பதினான்கு சீற்,
கதவை இழுத்து இரண்டு தரம் அடிக்கவேண்டும்.

இப்படித் தவறிய வரிகள் இந்த வீட்டில் நிறைய.
ஒன்று பாலோடு பொங்கிப் போனது.
ஒன்றைக் கறண்ட் பில்லின் பின்னால் எழுதி வைத்தேன்.
செந்தூரன் பொறுப்பான மனுசன்,
கடைசித் திகதிக்கு முன்பே காசைக் கட்டி
பில்லையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.
இன்னொன்று
சின்னவனுக்குக் காய்ச்சல் கொதித்த இரவில் வந்தது.
நூற்றி இரண்டு என்ற எண்ணைத் தவிர
அந்த இரவிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே பிள்ளையைப் பிடித்தேன்.
இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் இன்னும் ரிபன் இல்லை,
வாய்க்குள் பாணும் சம்பலும்.
"அம்மா ஒண்டு சொல்லுறன்.
பின்னேரம் வரும்வரைக்கும் வைச்சிரு. மறந்திடாதை."
ரிபனைக் கட்டிக்கொண்டே காதுக்குள் சொன்னேன்:

கடல் எங்கள் யன்னல் கம்பியைத் தின்கிறது.

"உண்மையாவோ?"
"ஓம். உப்புக் காத்து. மூலையிலை துரு பார்."
இரண்டாவது ஹோர்ன்.
தண்ணீர்ப் போத்தலோடு முட்டி முட்டி
மூன்று மாடியும் இறங்கிப் போனது என் வரி.

பகல், பகல் மாதிரியே போனது.
சின்னவன் கதிரைகளைக் கவிழ்த்து ரயில் விட்டான்.
உண்மையான ரயில் கடற்கரையால் போனபோது
அதற்குப் பச்சைத் துவாய் காட்டினான்.
மேல்வீட்டு ரிஸ்மியா ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கு வந்து
நின்ற நிலையில் அரை மணித்தியாலம் மாமியாரைப் பேசினாள்.
பருப்பு அடிப்பிடித்தது.

இரண்டே காலுக்கு வான்.
"சொல்லு," என்றேன், படியிலேயே.
அவள் சப்பாத்தைக் கழற்றினாள். மேசு ஒன்றைக் காணவில்லை.
"செனுரிக்குச் சொன்னனான். அவளுக்குத் தமிழ் விளங்காது,
அதாலை சிங்களத்திலை சொன்னனான்.
அவள் சிரிச்சிட்டு, 'முஹுதட படகினித?' எண்டாள்.
கடலுக்குப் பசிக்குதோ எண்டு."
"பிறகு?"
"பிறகு ரெண்டு பேருமா யோசிச்சம்."
தண்ணீர் கேட்டாள். கிளாஸ் முழுவதையும் குடித்தாள்.
கடன் கேட்க வந்தவள் மாதிரி
நான் பக்கத்தில் நின்றேன்.

"கடலுக்குப் பசி.
பாவம், எங்கட வீட்டிலை அதுக்குக் குடுக்கக்
கம்பி மட்டும்தான் இருக்கு."

படகினி.
இருபது வருடமாய் இந்த நகரத்தில் கேட்கிற சொல்.
பஸ்ஸில், பார்மசி வரிசையில்,
மதியம் கந்தோர் வாசலில்.
வயிற்று நெருப்பு என்று
ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.
அவ்வளவு தண்ணீருக்குள் ஒரு தீ எரிவதை
யன்னல் மூலையில், துருவின் நிறத்தில்,
இன்றைக்குத்தான் கண்டேன்.

நான் கொடுத்தனுப்பியது ஒரு முறைப்பாடு.
திரும்பி வந்ததோ
வந்த விருந்தாளிக்குப் போட ஒன்றுமில்லையே என்ற
வெட்கம்.

"பென்சில் தா."
"கூர் இல்லை."
கூர் இல்லாமலே எழுதினேன், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.
"செனுரியின்ர பேரையும் போடுங்கோ," என்றாள்.
போட்டேன்.
"அம்மான்ர பேர் வேணுமெண்டால் கீழை போடலாம்."

இரவு சின்னவன், யாரும் சொல்லாமல்,
பாதி கடித்த மாரி பிஸ்கட்டைக் கொண்டுபோய்
யன்னல் கட்டில் வைத்தான்.
காலையில் அது இல்லை.
காகம் என்றார் செந்தூரன்.
வீட்டில் ஒருவரும் அவரை நம்பவில்லை.